பெயர் கேட்கும் ஊர்

1957, 1974, 1977 என்று மூன்று தடவை பார்வதி கிருஷ்ணனை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஊர் எங்கள் கோயம்புத்தூர். நடுவில் 1967-இல் ரமணி, 1971-இல் பாலதண்டாயுதம். எல்லோரும் செங்கொடிக்காரர்கள். மில் சங்கு ஊதினால் தெருவே எழுந்து நடந்த காலம் அது. என் அப்பா ரிங் பிரேமில் வேலை பார்த்தார். பக்கத்து மெஷினில் நின்ற ராவுத்தரும் அவரும் ஒருவரையொருவர் 'மாப்ளே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்களுக்கு அவர் மாமா. போனஸ் பேச்சு முறிந்தால் இருவரும் ஒரே கொடியின் கீழ் மில் கேட்டில் உட்காருவார்கள்.

அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். சங்கத்தில் தோழர் என்று பேசிவிட்டு, சாதி பார்த்துப் பெண் எடுத்தவர்களை நான் அறிவேன். ஆனால் எதிரி யார் என்ற கேள்விக்குக் கூலிச் சீட்டைப் பார்த்துப் பதில் தேடினார்கள். சாமியைப் பார்த்துத் தேடவில்லை.

சாமி எல்லோருக்கும் இருந்தது, தாராளமாகவே இருந்தது. தம்பிக்கு ராத்திரியில் தூக்கித் தூக்கிப் போட்டு அழுகை வந்தால், "புள்ள பயந்துக்கிச்சு" என்று அம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்புவாள். அந்தி நேரத்துத் தொழுகை முடியும்வரை வாசலுக்கு வெளியே பெண்கள் வரிசையாக நிற்பார்கள். நெற்றி நிறையக் குங்குமம், கையில் தண்ணீர்ச் செம்பு, தோளில் துவண்ட பிள்ளை. தொழுது முடித்து வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பிள்ளையின் முகத்தில் ஓதி ஊதிவிட்டு, செம்புத் தண்ணீரிலும் ஊதிவிட்டுப் போவார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தத் தண்ணீரை ஒரு மடக்கு தம்பிக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் துளசிச் செடிக்கு ஊற்றுவாள். அதில் முரண்பாடு இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை.

இன்று எங்கள் பகுதியில் அந்த வரிசை மெலிந்துவிட்டது. அங்கே போய் நிற்பது நம் மதத்துக்கு இழுக்கு என்று இந்தப் பக்கத்து இளைஞர்கள் சொல்கிறார்கள். தண்ணீரில் ஊதுவது ஷிர்க், இறைவனுக்கு இணைவைக்கிற பாவம் என்று அந்தப் பக்கத்து இளைஞர்கள் சொல்கிறார்கள். எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டு கூட்டமும், அம்மாக்கள் நின்ற அந்த வாசலைக் காலி செய்வதில் மட்டும் ஒத்துப்போனது.

ஒரே நாளில் இது நடக்கவில்லை. 1980-இல் இந்து முன்னணி தோன்றியது. வீட்டுக் களிமண் பிள்ளையார் லாரி ஏறி, போலீஸ் காவலோடு முத்தண்ணன் குளத்துக்குப் போகத் தொடங்கினார். மில்கள் நொடித்தன. வேலை போனவர்களின் பிள்ளைகள் நடைபாதையில் கடை போட்டார்கள். ஒப்பணக்கார வீதியில் நாலடி இடத்துக்கு நடந்த சண்டைக்கு மதத்தின் பெயரைச் சூட்டுவது சுலபமாக இருந்தது. 1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் மசூதியை இடித்தார்கள். அடுத்த ஆண்டு இங்கே அல்-உம்மா என்ற தீவிரவாத அமைப்பு முளைத்தது.

1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் அல்-உம்மாக்காரர்களால் குத்திக் கொல்லப்பட்டார். அதற்கு மறுநாள் நடந்தது இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது. பாதுகாக்க வேண்டிய காவலர்களே பணியைப் புறக்கணித்துத் தெருவில் இறங்கினார்கள். கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். அடிபட்டு அரசு மருத்துவமனைக்கு வந்தவர்களைக்கூட ஒரு கும்பல் விட்டுவைக்கவில்லை. பதிலுக்கு 1998 பிப்ரவரி 14 அன்று, பாஜக தலைவர் அத்வானி தேர்தல் கூட்டத்தில் பேசவிருந்த நாளில், ஊர் முழுக்க அல்-உம்மாவின் குண்டுகள். 58 பேர் செத்தார்கள், இருநூறுக்கும் மேற்பட்டோர் காயம். செத்தவர்களில் யாராவது நவம்பரில் யாரையாவது அடித்தார்களா என்று குண்டு வைத்தவர்கள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

அந்தத் தேர்தலில் பாஜகவின் சி.பி. ராதாகிருஷ்ணன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1999-இலும் அவரே. எந்தக் கட்சியை விரட்டுவதாகச் சொல்லிக் குண்டு வைத்தார்களோ, அந்தக் கட்சிக்கே ஊர்க்கதவைத் திறந்துவிட்டார்கள். ஒரு பக்கத்து வெறி மறு பக்கத்து வெறிக்குச் சோறு போடும் என்பதற்கு இதைவிடப் பச்சையான சாட்சி எனக்குத் தெரியாது.

ராவுத்தர் மாமாவின் மகன் அதன் பிறகுதான் வாடகைக்கு வீடு தேடினான். நான் கூடவே போனேன். ஒரு வீட்டில் அந்த அம்மா மோட்டார் போட்டுத் தண்ணீர் வருவதையெல்லாம் காட்டினார், அட்வான்ஸ் எவ்வளவு என்றும் சொன்னார். கடைசியாக, "தம்பி பேரென்னங்க?" என்றார். சொன்னான். "அடடா, நேத்தே ஒருத்தர் வந்து பேசீட்டுப் போயிட்டாருங்களே" என்று சாவிக்கொத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். அவன் கோபப்படவில்லை. "பரவால்லீங்க" என்று செருப்பைப் போட்டுக்கொண்டான். இப்போது கரும்புக்கடை என்ற பகுதியில் இருக்கிறான். அவனைப் போல ஆயிரம் பேரை விரட்டி அங்கே கூட்டிவிட்டு, 'அவங்க எல்லாம் ஒரே இடத்துல சேந்துக்கறாங்க' என்று குறை சொல்கிறோம்.

உள்ளே இருந்து கேள்வி கேட்பவனுக்கும் இடமில்லாமல் போனது. 2017 மார்ச்சில் பாரூக் என்ற நாத்திகரை அவர் பிறந்த மதத்துக்காரர்களே வெட்டிக் கொன்றார்கள். மகன் இருந்த திராவிடர் விடுதலைக் கழகத்தில் தானும் சேர்வதாக அவருடைய தந்தை அறிவித்தார். அந்தத் தந்தையின் துணிச்சல் நம் தலைவர்களில் எத்தனை பேருக்கு உண்டு? பாரூக் கொலைக்கு முந்தைய செப்டம்பரில்தான் இந்து முன்னணியின் சசிகுமார் கொல்லப்பட்டு, அவர் இறுதி ஊர்வலம் போன வழியில் கடைகள் சூறையாடப்பட்டன.

ஆனாலும் ஊர் எதையோ கற்றிருக்கிறது. 2022-இல் தீபாவளிக்கு முந்தைய நாள் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்தபோது, மறுபடியும் 1998தான் என்று பயந்தோம். ஊர் எரியவில்லை. ஜமாஅத்தார் அந்தக் கோயிலுக்கே போய் ஒற்றுமையைச் சொல்லிவிட்டு வந்தார்கள். மாசியில் கோனியம்மன் தேர் ஒப்பணக்கார வீதியில் வரும்போது, முஸ்லிம்கள் பள்ளிவாசல் பக்கம் நின்று பக்தர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கிறார்கள். பார்க்கையில் மனசு நிறைகிறது. ஆனால் வருஷத்தில் ஒரு நாள் தேர். மிச்ச நாளெல்லாம் எங்கே குடியிருப்பது?

அரசியல்வாதிகளிடம் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால் இதை வாசிக்கும் வீட்டுக்காரர்களிடம் கேட்கிறேன். உங்கள் மாடி வீடு காலியானால் வாடகை கேளுங்கள், அட்வான்ஸ் கேளுங்கள், எங்கே வேலை என்று விசாரியுங்கள். பெயரைக் கேட்ட பிறகு பேச்சை மாற்றாதீர்கள். சாவியைக் கொடுங்கள்.