ஒன்பதால் வகுபடும் வித்தியாசம்

பதுளையிலிருந்து பசறைக்குப் பஸ் வளைந்து வளைந்து ஏற, மடியில் ஒரு காக்கி உறையை அணைத்தபடி உட்கார்ந்திருக்கும் அந்த இருபது வயதுப் பையன் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறான். உறைக்குள் வங்கியின் மாதக் கூற்று; சட்டைப் பையில், டவுனில் குடித்த பிளேன்டீக்கும் தின்ற உளுந்துவடைக்கும் போக மிஞ்சிய சில்லறை.

தோட்டங்கள் அரசின் கையில் இருந்த 1980களின் தொடக்கம் அது. மாதம் ஒருமுறை வங்கிக்குப் போய்வருவது தோட்டத்து ஆபீசில் இளையவனான என் பங்கு. மறுநாள் காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டு கலைந்து, செக்ரோல் என்ற வருகை ஏட்டில் பேர் விழுந்து, ஆட்கள் கொழுந்து மலைக்கு ஏறிய பிறகு, பெரிய கிளாக்கர் ஐயா காசேட்டை விரிப்பார். நான் காசோலை இலக்கத்தையும் தொகையையும் வாசிக்க வாசிக்க, அவர் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வருவார். டிக் விழாமல் நிற்பவை இன்னும் வங்கிக்கு வந்து சேராத காசோலைகள். “இது விறகு கொண்டாந்தவருக்கு எழுதினது, அவரு வீட்டுல கல்யாணம், அடுத்த வாரந்தான் மாத்துவாரு” என்று ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்துவைப்பார். கணக்கு 90 ரூபாயில் இடித்து நின்றால், “ஒன்பதால வகுத்துப் பாரு தம்பி” என்பார். மிச்சமில்லாமல் வகுபட்டால் பெரும்பாலும் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கும். 540ஐ 450 என்று எழுதியிருப்போம். தொழிற்சாலையிலிருந்து வாடும் கொழுந்தின் வாசனை வந்துகொண்டிருக்க, அந்த ஒரு வரியைத் தேடிப் பிடித்த மத்தியானங்களின் நிறைவு பிறகு எந்த வேலையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. கொஞ்ச காலத்தில் ஆபீசுக்குக் கணினியும் வந்தது. இப்போது நான் பதுளையில் வீட்டிலிருந்தபடியே சில கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். அன்று ஒரு பகல் முழுக்கப் போய் வாங்கிவந்த கூற்று இன்று அரை நிமிடத்தில், பத்திகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பாக இறங்கிவிடுகிறது. ஆனால் கணக்கு மென்பொருள் அதை அப்படியே ஏற்பதில்லை. அது கேட்கும் பத்திகளுக்கு நாம்தான் மாற்றித் தர வேண்டும். எக்செலில் திறந்து சேமித்தால் 000412 என்ற காசோலை 412 ஆகிவிடும். மேற்கோள்குறி இல்லாத 1,250 காற்புள்ளியில் உடைந்து இரண்டு பத்தியாகும். நாம் வங்கியில் போட்ட பணம் அதன் ஏட்டில் கடன், நம் ஏட்டில் சொத்து. அதைக் கவனிக்காமல் விட்டால் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் தலைகீழாகும்.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது தேதி. 03/04 என்பது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? அமெரிக்க வழக்கில் அமைத்த மென்பொருள் 13ஆம் தேதிக்கு வந்ததும் முறையிடும். 12 வரை உள்ளவற்றைச் சத்தமில்லாமல் மாதம் மாற்றிப் போட்டுவிடும். மொத்தத் தொகை சரியாக இருப்பதால் ஒன்பதால் வகுத்தும் கண்டுபிடிக்க முடியாது. 1997இல் வந்த ஓஎஃப்எக்ஸ் என்ற கோப்பு வடிவம் இதில் நல்லது: தேதியை வருடம், மாதம், நாள் என்று ஒரே ஒழுங்கில் எழுதுகிறது, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் தனி அடையாள இலக்கமும் தருகிறது, அதே கோப்பை இரண்டாம் முறை ஏற்றினாலும் மென்பொருள் அடையாளம் கண்டுகொள்ளும். இந்த முன்னேற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் விறகுக்காரர் வீட்டுக் கல்யாணம் எந்தக் கோப்பிலும் இறங்கி வருவதில்லை. அங்கே இருப்பது காசோலை இலக்கமும் தொகையும் மட்டுமே.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, வங்கி தந்த மூலக் கோப்பைத் திருத்தாமல் தனியே வையுங்கள். பிரதியில் மட்டும் கைவையுங்கள். குறிப்புப் பத்தியை வெறுமையாக விடாமல், காசு யாருக்கு, எதற்குப் போனது என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.