பரிந்து நிற்றல்: ஆங்கிலம் பேசுவோரின் கால் வைப்பு குறித்து ஓர் ஆய்வு

ஆங்கிலம் பேசுபவர் இன்னொருவருக்காகப் பரிந்து பேச முற்பட்டால் முதல் வேலையாக எழுந்து நிற்பார். நாற்காலியில் அவர் அசையாமல் உட்கார்ந்திருக்கலாம், மொழியில் எழுந்தாயிற்று. 'ஸ்டாண்ட் அப் ஃபார்' என்றால் வேண்டியவருக்காக எழுந்து நிற்பது. 'ஸ்டாண்ட் பை' என்றால் பக்கத்தில் நிற்பது. 'ஸ்டாண்ட் பிஹைண்ட்' என்றால் முதுகுக்குப் பின்னால் நிற்பது. முன்னால் நிற்பதற்கு மட்டும் இவ்வளவு புழங்கிய தொடர் இல்லை. அடி பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்துதான் வரும் என்பதைக் கணக்கில் கொண்டால், இந்த விடுபடலைத் தற்செயல் என்று ஒதுக்க ஆய்வாளருக்கு மனம் வராது. நம்மூரில் வக்காலத்து வாங்குபவர்கூட ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்கிறார்.

இதிலிருந்து பிறக்கும் கருதுகோள்: ஆதரவுச் சொல்லின் உரம் கூடக் கூட, அதைச் சொல்பவர் அடி விழும் இடத்தைவிட்டு விலகி நிற்கும் தூரமும் கூடுகிறது.

முதல் சான்று குத்துச்சண்டை மேடையிலிருந்து வருகிறது. 'நான் உன் மூலையில் இருக்கிறேன்' என்பது ஆங்கிலத்தில் நெஞ்சைத் தொடும் வாக்குறுதி. அந்த மூலையில் நடப்பதைப் பார்ப்போம். 3 நிமிடச் சுற்று முடிந்ததும் மூலைக்காரர் முக்காலி போடுகிறார், தண்ணீர் கொடுக்கிறார், கிழிந்த புருவத்தில் மருந்து தடவுகிறார், எங்கே குத்துவது என்று யோசனையும் சொல்கிறார். எல்லாம் 1 நிமிடம். அடுத்த மணி அடிப்பதற்குள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கயிற்றுக்கு வெளியே போய்விடுகிறார். சண்டை நடக்கும்போது அவரால் செய்ய முடிந்த பெரிய உதவி ஒன்றே ஒன்று, துண்டை வீசுவது. அதற்குப் பொருள் 'தோற்றுவிட்டோம்' என்பது.

ஒருவருக்காக மட்டை பிடிக்கப் போவது என்று பொருள்படும் 'கோ டு பேட் ஃபார்' என்ற அமெரிக்கத் தொடர் நமது கருதுகோளுக்கு எதிரானதுபோல் தோன்றும். பேஸ்பாலில் ஒருவருக்குப் பதிலாக மட்டையை எடுத்துக்கொண்டு இறங்குபவர் பந்தை உண்மையாகவே எதிர்கொள்கிறார். ஆனால் பெரிய லீக் விதியைப் படித்தால் ஐயம் தீர்ந்துவிடும்: மாற்று ஆள் இறங்கியபின், யாருக்காக இறங்கினாரோ அவர் அந்த ஆட்டத்தில் மறுபடி கால் வைக்க முடியாது. காப்பாற்றப்பட்டவர் வெளியே உட்கார்ந்து கடலை கொறிக்கலாம்.

விதிவிலக்கு உண்டு. 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் அதிபர் ரீகனைச் சுட்டபோது, காவலர் டிம் மெக்கார்த்தி குறுக்கே வந்து உடலை அகல விரித்து நின்று, வயிற்றில் குண்டை வாங்கிக்கொண்டார், பிழைத்தும் கொண்டார். ஆனால் அது சம்பளம் வாங்கிச் செய்த வேலை. விருந்தில் கோப்பையை உயர்த்தி 'உனக்காகத் தோட்டாவைத் தாங்குவேன்' என்பவர்களை இந்த வகையில் சேர்க்க இயலாது.

அடுத்தது நம்பிக்கை. இங்கேதான் ஆய்வாளருக்கு எண்களே கிடைக்கின்றன. 1972 ஜூலையில் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்றவர் என்ற செய்தி வெளியானது. அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன், தாம் ஈகிள்டனை 1000 சதவீதம் ஆதரிப்பதாக அறிவித்தார். ஒரு வாரத்துக்குள் ஈகிள்டன் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. 1000 சதவீத ஆதரவின் ஆயுள் ஒரு வாரம் என்று கொண்டு தலைகீழ் விகிதத்தில் கணக்கிட்டால், 65 சதவீதத்தோடு நிறுத்தியிருந்தால் ஈகிள்டன் நவம்பர் 7 தேர்தல்வரை தாங்கியிருப்பார் என்று வருகிறது. (மெக்கவர்ன் 49 மாநிலங்களில் தோற்றதை இந்தக் கணக்கு விளக்காது.) 2005 செப்டம்பர் 2 அன்று, கத்ரீனா புயல் நிவாரணத்துக்குப் பொறுப்பான மைக்கேல் பிரவுனை அதிபர் புஷ் கேமராக்களுக்கு முன்னால் செல்லப்பெயர் சொல்லிப் பாராட்டினார். செப்டம்பர் 12 அன்று பிரவுன் பதவி விலகினார். பிரிட்டிஷ் கால்பந்து நிருபர்களுக்கு இது பழைய செய்தி. கிளப் தலைவர் 'எங்கள் மேனேஜர்மேல் முழு நம்பிக்கை' என்று சொல்லிவிட்டால், அடுத்த மேனேஜர் யார் என்ற கட்டுரையை அன்றிரவே எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

கருத்துகளைக் காப்பதில் தூரம் இன்னும் நீளுகிறது. 'நீ சொல்வது எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்' என்ற பொருள்படும் வாக்கியம் ஆங்கில மேடைகளில் வால்டேர் பெயரால் முழங்கும். அதை எழுதியவர் எவலின் பீட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1906இல், புனைபெயரில் வெளியிட்ட நூலில், வால்டேரின் மனப்பாங்கு இப்படிப்பட்டது என்று சுருக்கிச் சொல்ல அவர் அமைத்த வாக்கியம் அது. வால்டேர் இறந்தது 1778இல். உயிரைக் கொடுப்பதாக ஒருவர் சார்பில் இன்னொருவர் வாக்குக் கொடுப்பது, அதுவும் அவர் செத்து 128 ஆண்டுகள் கழித்து: இதைவிடப் பாதுகாப்பான தூரம் இதுவரை இத்துறையில் கிடைக்கவில்லை.

நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டே பட்டத்தை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டவர் எட்டாம் ஹென்றி. 1521இல் மார்ட்டின் லூதரை மறுத்து அவர் பெயரில் ஒரு நூல் வந்தது; மகிழ்ந்துபோன திருத்தந்தை பத்தாம் லியோ அவருக்கு 'விசுவாசத்தின் காவலர்' என்று பட்டம் சூட்டினார். 1534 வாக்கில் ஹென்றி ரோமையே கைகழுவிவிட்டு இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தாமே தலைவராகிவிட்டார். ரோம் பட்டத்தைப் பறித்தது. ஹென்றிக்கோ அதை விட மனமில்லை. நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதே பட்டத்தை அவருக்கே திரும்பக் கொடுத்தது.

பிரிட்டிஷ் நாணயங்களில் மன்னர் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பட்டம் லத்தீனில், 'எஃப் டி' என்று இரண்டே எழுத்தாகச் சுருங்கி, இன்றும் இருக்கிறது. 1994இல், அப்போது இளவரசராக இருந்த சார்லஸ், குறிப்பிட்ட ஒரு விசுவாசத்துக்கு என்றில்லாமல் பொதுவாக விசுவாசத்துக்குக் காவலராக இருக்க விரும்புவதாகச் சொன்னார். ஆங்கிலப் பட்டத்திலிருந்து 'தி' என்ற ஒரு சிறு சொல் போகவேண்டிய விவகாரம். கடுமையான வாக்குவாதம் எழுந்தது. 2022இல் அவரே மன்னரானபோது நாணயச் சாலைக்கு எழுத்தை மாற்றும் வேலை வரவில்லை. லத்தீனில் 'தி' கிடையாது. இரு கட்சிக்காரர்களும் ஒரே காசைக் காட்டி, மன்னர் தங்கள் பக்கம்தான் நிற்கிறார் என்று வாதாடிக்கொள்ளலாம்.