செரங்குக்கு ஏது கண்ணு ஊரடங்கு?

வா கண்ணு, இப்பிடித் திண்ணையில குக்கு. செல்போன்ல என்னது, கோடு போட்ட படமா? 2020ல ஆசுபத்திரித் தோல் வார்டுல படுத்த சனம் கொறைஞ்சு போச்சாக்கும். “கைய கழுவிக் கழுவி ஊரே சுத்தமாயிருச்சு தாத்தா”ங்கற. அட என்ற ரோசனைக்காரா! வாளி போடறதை நிறுத்திப்போட்டு, கெணறு வத்திப்போச்சுன்னு சொல்லுவியா?

மார்ச்சு 25லருந்து பஸ்சு இல்ல. தோல் டாக்டருகள்ல பலபேரைக் கொரானா வார்டுக்கு ஓட்டிட்டாங்க. ரோட்ல போலீசு. “படை அரிக்குதுங்க”ன்னு சொன்னா உடுவானா? பொறத்தால ஒண்ணு வெச்சா அரிப்பு எடம் மாறும், அவ்ளோதான்.

செரங்குப் பூச்சிக்கு அது நோம்பி காலம். தோலுக்குள்ள வளை தோண்டிக் குடியிருக்கற சாதி அது. மேலோட மேல் ஒட்டிப் படுத்தா அதுக்குப் பயணம் சுளுவு. மெட்ராசுக்காரன், பெங்களூர்க்காரன்னு ரெண்டு பேர் ஊட்ல எட்டுப் பேர் வந்து அடைஞ்சா, பூச்சி பஸ்சுக்கா காத்திருக்கும்? பொழுது உழுந்தா ஊடே ஒட்டுக்கா சொறியுது. எட்டுப் பேரும் ஒரே ராத்திரி கழுத்துலருந்து கால் வரைக்கும் களிம்பு பூசோணும், வாரம் கழிச்சு இன்னொருக்கா. நம்மாளு? அரிக்கறவனுக்கு மட்டும், அரிக்கற எடத்துல மட்டும். அதுவும் ஏசி ஊட்டுக்காரன்னா கேக்கவே வேண்டாம். “நமக்கெல்லாம் செரங்கா? இது சானிடைசர் அலர்ஜிங்க!”

சுத்தம்னதும் நாபகம் வருது. அந்த ஏப்ரல்ல திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில ஒரு கூண்டு வெச்சாங்க. உள்ள நடந்தா மருந்துத் தண்ணி பூவாத் தூவும். மருந்தடிச்ச தக்காளியை நாலு நாள் பறிக்க மாட்டோம் நாம. மனுசன் மேல அடிச்ச கையோட சந்தைக்குள்ள உட்டாங்க! மனுசன் மேல அடிக்காதீங்க, தோலும் கண்ணும் கெடும்னு 18ந் தேதி டெல்லி சர்க்காரே சொல்லவேண்டியதாப் போச்சு.

படைக்காரன் கதை வேற. மருந்துக் கடையில ஸ்டீராய்டு கலந்த ட்யூப்பு ஒண்ணு வாங்குவான். மூணாம் நாள் செவப்பு அடங்கும். “டாக்டரே வேணாம்”னு மீசையை முறுக்குவான். அது தோலைத் தூங்க வெச்சிருக்கு, பூஞ்சை அடியில பண்ணையம் பாக்குதுன்னு அவனுக்கு ஆரு சொல்றது? படைக்காரனை உடு. மேலெல்லாம் கொப்புளம் கட்டறவன், மாத்திரை ஒத்துக்காம தோல் உரியறவன், இவனுகதான் நெசமா வார்டுல படுக்க வேண்டியவனுக. வழியில்லாம நாளைக் கடத்திப்போட்டு, முத்தின பொறகு வந்தாங்க.

தொழுநோய்க் கணக்கைப் பாரு. 2019ல நாட்டுல புதுசாக் கண்டது 1,14,000 பேருக்கு மேல. 2020ல 65,000 சொச்சம். மீதிப்பேரைக் கொரானா வந்து சொஸ்தப்படுத்துச்சா? தொழுநோய்த் தேமல் அரிக்காது, வலிக்காது. ஊடு ஊடாப் போய்ப் பாத்தாத்தான் தெரியும். பாக்கறவனே ஊட்டுக்குள்ள முடங்கிக் கெடந்தான்.

அதென்ன, பேசப்பேச கை இடுப்புக்கே போகுது? சொக்காயைத் தூக்கு. எத்தனை நாளா இருக்குது இது? ட்யூப்பு எங்க வாங்குன?