பதினெட்டு வயதும் பதினெட்டு கிளப்பும்: டிராஃப்ட் ஊகவியல் குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

ஆய்வுப் பொருள்

ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில், குறிப்பாக மெல்பர்னில், ஓர் அறிவுத்துறை தழைத்து வருகிறது. அதற்குத் துறைத்தலைவர் கிடையாது, பாடத்திட்டம் கிடையாது, பட்டமளிப்பு விழாவும் கிடையாது; அறிஞர்கள் மட்டும் லட்சக்கணக்கில். தங்கள் கால்பந்து கிளப் இந்த ஆண்டு எந்தப் பையனை எடுக்கப்போகிறது என்று ஊகிப்பதே இவர்களின் முழுநேரப் பணி. வயிற்றுப்பாட்டுக்காகப் பகுதிநேரம் பிளம்பராகவும் ஆடிட்டராகவும் பல் டாக்டராகவும் இருக்கிறார்கள். இத்துறையை முறைப்படி அணுகும் முதல் முயற்சி இதுவே. எல்லா ஆய்வேட்டிலும் இந்த வாக்கியம் இருக்கிறது. இதிலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆய்வு எல்லை

கால்பந்து என்றதும் மெஸ்ஸியை நினைப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். இது ஆஸ்திரேலியக் கால்பந்து. பந்து முட்டை வடிவம், மைதானமும் ஏறக்குறைய அப்படியே. அணிக்கு 18 பேர். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், அடுத்தவன் தோள்மேல் ஏறியும் பிடிக்கலாம். ஏஎஃப்எல் என்னும் லீகில் 18 கிளப்புகள் ஆடுகின்றன. நவம்பரில் டிராஃப்ட். அந்த ஆண்டு 18 வயதை எட்டும் பையன்களைக் கிளப்புகள் வரிசைப்படி பெயர் வாசித்து எடுத்துக்கொள்ளும். புள்ளிப்பட்டியலில் கடைசியில் கிடக்கும் கிளப்புக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற கிளப்புக்குக் கடைசி வாய்ப்பு. ஐபிஎல் ஏலம்போலப் பணத்தைக் கொட்டி ஆளைத் தூக்கிவிட முடியாது. பையனுக்கும் இதில் வாயில்லை. பள்ளியிறுதித் தேர்வு எழுதிய மை காய்வதற்குள், பெயரை வாசித்த கிளப்பின் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான், அது நாலு மணி நேரம் விமானத்தில் போகவேண்டிய பெர்த்தாகவே இருந்தாலும்.

கருதுகோள்

ரசிகரின் புலமையும் அவருடைய கிளப்பின் நிலையும் எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது இவ்வாய்வின் கருதுகோள். கோப்பையை நோக்கிப் போகும் கிளப்பின் ரசிகரிடம் இந்த ஆண்டின் சிறந்த பையன்கள் யாரென்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். கடைசியில் கிடக்கும் கிளப்பின் ரசிகரைக் கேட்டால் பையனின் இடதுகால் உதை, வலதுகால் உதை, அப்பாவின் தொழில், எட்டாம் வகுப்பில் உடைந்த மணிக்கட்டு எல்லாம் தெரியும்.

முதன்மைச் சான்று ஒன்று. ஜூலை மாதம், மழை, எம்சிஜி மைதானம். மூன்றாம் கால்பகுதி முடியப்போகிறது, அணி 60 புள்ளி பின்தங்கியிருக்கிறது. தகவலாளி கழுத்தில் கிளப் நிறத்தில் மஃப்ளர் சுற்றியிருக்கிறார், கையில் ஆறிப்போன மீட் பை. மைதானத்தைப் பார்ப்பதை அவர் நிறுத்திப் பத்து நிமிடமாகிறது. சாஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்துக்கொண்டே, பெண்டிகோ பக்கத்துப் பையன் ஒருவன் இருபது மீட்டரை மூன்று வினாடிக்குள் ஓடியதைப் பக்கத்து இருக்கைக்காரருக்கு விளக்குகிறார். எதிரணி இன்னொரு கோல் போடுகிறது. தகவலாளியின் முகத்தில் ஒரு தெளிவு பிறக்கிறது. தோல்வியைச் சேமிப்பாகப் பார்க்கத் தெரிந்தவரின் தெளிவு அது.

இந்தக் கருதுகோளின்படி பட்டியலிலேயே மோசமான இடமாக இருந்தது கடைசி இடமன்று, ஒன்பதாமிடம். 2025 வரை இறுதிச்சுற்றுக்கு எட்டுப் பேர்தான் போனார்கள். அப்போது ஒன்பதாமவருக்கு அதுவும் கிடையாது, டிராஃப்ட்டில் நல்ல எண்ணும் கிடையாது. 1994, 1996, 1998, 2006, 2008 என்று ரிச்மண்ட் கிளப் இந்த இடத்தில் குடியே இருந்தது. அந்தத் தலைமுறை ரிச்மண்ட் ரசிகர்களிடம் ஒருவகைத் தத்துவச் சாயல் தென்படுவதற்குக் காரணம் இதுதான் என்று கருத இடமுண்டு.

கருதுகோளை எல்லைவரை இழுத்துப் பார்த்தவர்களும் உண்டு. 2007இன் கடைசிச் சுற்றில் கார்ல்டன் கிளப்பும் மெல்பர்ன் கிளப்பும் மோதின. கார்ல்டன் அதுவரை வென்றது நான்கே ஆட்டங்கள். ஐந்தாவதையும் வென்றுவிட்டால், மோசமான அணிகளுக்குத் தரப்படும் சிறப்புத் தேர்வு கைநழுவிப் போய்விடும். அந்தச் சிறப்புத் தேர்வில் கிடைக்கவிருந்தவர் மேத்யூ குரூசர் என்னும் நெடியவர். ஊரே அந்த ஆட்டத்துக்குக் குரூசர் கோப்பை என்று பெயர் வைத்தது. கார்ல்டன் தோற்றது, குரூசரும் வந்தார். 2005இல் மார்க் மர்ஃபி, 2006இல் பிரைஸ் கிப்ஸ், 2007இல் குரூசர் என மூன்று ஆண்டு தொடர்ந்து முதல் தேர்வு கார்ல்டனுக்கே. மூவரும் நல்ல ஆட்டக்காரர்கள்தாம், ஆனால் மூவரும் ஓய்வு பெறும்வரை கோப்பை வரவில்லை. கார்ல்டன் கடைசியாக வென்றது 1995இல். அந்த 2007இல் உண்மையாகவே கடைசி இடத்தில் இருந்த ரிச்மண்டுக்கு இரண்டாம் தேர்வுதான் மிஞ்சியது. அதில் அவர்கள் எடுத்த டிரென்ட் காட்சின் பின்னாளில் தலைவராக நின்று 2017, 2019, 2020 கோப்பைகளைத் தூக்கினார்.

மெல்பர்ன் கிளப்பின் கதை இன்னும் நுட்பமானது. 2009இல் வேண்டுமென்றே தோற்றார்களா என்று லீக் விசாரித்தது. அப்படிச் செய்யவில்லை என்று 2013இல் முடிவு சொல்லி, கையோடு 5 லட்சம் டாலர் அபராதமும் போட்டது. தர்க்கவியலார் இதை அமைதியாகப் படிக்க வேண்டும். 2009 டிராஃப்ட்டின் முதலிரண்டு தேர்வுகளில் மெல்பர்ன் எடுத்தது டாம் ஸ்கல்லியையும் ஜாக் டிரெங்கோவையும். மூன்றாவதாக ரிச்மண்ட் வாசித்த பெயர் டஸ்டின் மார்ட்டின். இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தை மூன்று முறை வாங்கினார் அவர்.

அளவைகள்

அறிவு எந்தெந்த வழியில் கிடைக்கிறது என்று மணிமேகலையில் பத்து அளவைகள் சொல்லப்படுகின்றன. மணிமேகலை என்ற பெயரையே கேள்விப்படாத மெல்பர்ன் ஊகவியலார் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தடையின்றிக் கையாள்வது வியப்புக்குரியது.

முதலில் காண்டல். இரண்டு நிமிட வீடியோ ஒன்றைப் பார்ப்பது. ஏதோ கிராமத்து மைதானம், எல்லைக்கோட்டை ஒட்டி கார்கள் மூக்கை உள்ளே நீட்டி நிற்கின்றன. பையன் இருவரை உதறிவிட்டு ஓடி உதைக்கிறான், கோல், கார்கள் ஹாரன் அடிக்கின்றன. தகவலாளர்களில் ஒருவர் ஹாரன்களின் எண்ணிக்கையை வைத்தே பையனை எடைபோட முயன்றார். அந்த வீடியோவில் பையன் பந்தைத் தவறவிடுவதே இல்லை. எந்தப் பையனின் வீடியோவிலும் அவன் தவறவிடுவதில்லை. இப்படிப் பார்த்தால் ஆண்டுதோறும் நாட்டில் நூறு மேதைகள் பிறக்க வேண்டும்.

உவமம் இத்துறையின் உயிர்நாடி. "இவன் அடுத்த டஸ்டின் மார்ட்டின்." 2023இல் வெஸ்ட் கோஸ்ட் கிளப் முதல் தேர்வில் எடுத்த ஹார்லி ரீடை அவன் பள்ளி நாட்களிலேயே இப்படித்தான் அழைத்தார்கள். உவமைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சிவப்பு முடிக்காரனுக்குச் சிவப்பு முடிக்காரன்தான் உவமை, இடதுகால்காரனுக்கு இடதுகால்காரன். உவமானம் எப்போதும் பதக்கம் வாங்கியவராகவே இருக்க வேண்டும். முப்பது ஆட்டம் ஆடிவிட்டுக் காணாமல் போனவர்களே எண்ணிக்கையில் அதிகம், ஆனாலும் "இவன் அடுத்த இன்னார்" என்று அவர்களில் ஒருவரை உவமை காட்டியவர் எவரும் இவ்வாய்வில் சிக்கவில்லை.

ஐதிகம் என்பது மூலம் தெரியாமல் வழிவழியாக வரும் சொல். மச்சானின் நண்பன் கிளப்பில் புல்வெட்டும் ஒப்பந்தத்தில் இருக்கிறான், அவன் சொன்னான். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஊகவியலாரின் பேராற்றல் வெளிப்படுவது அபாவத்தில், அதாவது இல்லாமையிலிருந்து அறிவதில். கிளப்காரர்கள் பையனின் வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவிடம் பேசிவிட்டு வந்தார்களா? சந்தேகமே இல்லை, அவனைத்தான் எடுக்கப்போகிறார்கள். போகவே இல்லையா? அப்படியானால் நிச்சயமாக அவன்தான். விருப்பத்தை மறைக்கிறார்கள், மற்ற கிளப்புகளுக்குத் தெரிந்துவிடும் அல்லவா. பயிற்சியாளர் பேட்டியில் அவனைப் புகழ்ந்தால் அது கண்கட்டு. புகழாமல் விட்டால் அது அதைவிடப் பெரிய கண்கட்டு. ஒரு முடிவைப் பொய்ப்பிக்கும் சான்று எதுவாக இருக்க முடியும் என்று தகவலாளி ஒருவரிடம் ஆய்வாளர் கேட்டார். அவர் நெடுநேரம் யோசித்து, "வேறு ஒருவனை எடுத்தால்" என்றார். பிறகு திருத்தினார்: "அப்போதுகூட, எடுக்க நினைத்தது இவனைத்தான், முந்தின கிளப் தூக்கிவிட்டது." ஆய்வாளர் குறிப்பேட்டை மூடிவிட்டார்.

எண்ணியல்

விடை தெரிந்த கேள்வியிலும் ஊகிக்க இடம் உண்டா? உண்டு. அப்பா ஒரு கிளப்புக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால் மகனை எடுக்க அந்தக் கிளப்புக்கு முன்னுரிமை. காலிங்வுட்டுக்கு 250 ஆட்டம் ஆடியவர் பீட்டர் டேகோஸ். அவர் மகன் நிக் 2021இல் காலிங்வுட்டுக்குத்தான் போவான் என்பது மெல்பர்னில் டிராம் ஓட்டுநர்வரை தெரிந்த செய்தி. ஆனால் வேறு கிளப் அவனைக் கேட்டால் அதே மதிப்புக்கு ஈடு கொடுத்தே காலிங்வுட் எடுக்க வேண்டும். 2015இல் வந்த அட்டவணைப்படி முதல் தேர்வுக்கு 3000 புள்ளி, இரண்டாவதற்கு 2517, மூன்றாவதற்கு 2234, இப்படி இறங்கியது. மகனுக்காகக் கழிவும் உண்டு. ஆகவே அறிஞர் உலகம் நிக் எங்கே போவான் என்பதை விட்டுவிட்டு, எந்த எண்ணில் யார் கேட்பார்கள், காலிங்வுட்டின் கையில் சில்லறை போதுமா என்று மாதக்கணக்கில் கணக்குப் போட்டது. வருமான வரிப் படிவத்தைக் கண்டாலே தலைவலி வருகிறவர்கள் இந்தக் கணக்கைத் தாளில்லாமல் போட்டார்கள். கோல்டு கோஸ்ட் கிளப் நான்காவதில் கேட்டது. காலிங்வுட் ஈடு கட்டியது.

பிழையும் பதிவும்

கிளப்பின் பிழைக்கு எண் உண்டு, தேதி உண்டு, சாட்சி உண்டு. ரசிகரின் பிழைக்கு எதுவும் கிடையாது. இத்துறை நிலைத்து நிற்பதற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

2004 டிராஃப்ட்டில் முதல் தேர்வும் நான்காம் தேர்வும் ரிச்மண்டிடம் இருந்தன. முதலில் பிரெட் டெலிடியோ, அதில் யாருக்கும் குறையில்லை. நான்காவதாக ரிச்சர்ட் டாம்பிளிங். அடுத்த பெயரை ஹாதோர்ன் வாசித்தது: லான்ஸ் ஃபிராங்க்ளின். 2022 மார்ச்சில் சிட்னி மைதானத்தில் ஃபிராங்க்ளின் ஆயிரமாவது கோலைப் போட்டபோது கூட்டம் வேலி தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தது. 2004 நவம்பரில் "ஃபிராங்க்ளினைத்தான் எடுக்கச் சொன்னேன்" என்று இன்று சொல்லும் ரிச்மண்ட் ரசிகர்களை எண்ணினால், அன்று மெல்பர்ன் தெருக்களில் இதைக் கத்தியபடி ஓர் ஊர்வலமே போயிருக்க வேண்டும். அப்படி ஓர் ஊர்வலம் போனதாகச் செய்தித்தாள்களில் குறிப்பில்லை. ஆய்வுக்கு வெளியே ஒரு வார்த்தை: டாம்பிளிங் மோசமான ஆட்டக்காரர் இல்லை. தனக்கு அடுத்து யார் பெயர் வாசிக்கப்படும் என்பது பதினெட்டு வயதுப் பையன் முடிவு செய்கிற விஷயமும் இல்லை. ஆனாலும் ஆண்டுக்கணக்காக அந்தப் பழியைச் சுமந்தவர் அவர்தான்.

தலைகீழ்ச் சான்றுகளும் ஏராளம். எசெண்டனின் ஜேம்ஸ் ஹெர்ட் 1990இல் 79ஆம் தேர்வு. லீகின் உயர்ந்த விருதான பிரவுன்லோ பதக்கத்தை 1996இல் பகிர்ந்துகொண்டார். டேன் ஸ்வான் 2001இல் 58ஆம் தேர்வு. அதே பதக்கம் 2011இல் அவருக்கு. தேர்வு 79 வரும்போது அறிஞர்களில் பாதிப்பேர் தூங்கப் போயிருப்பார்கள். மறுநாள் காலையில் அவர்கள் அனைவரும் அந்தப் பையனைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

எல்லா அளவைகளுக்கும் டிமிக்கி கொடுத்தவர் மார்லியன் பிக்கெட். ஆண்டின் நடுவே நடந்த சிறு டிராஃப்ட்டில் 2019இல் ரிச்மண்ட் எடுத்தபோது அவருக்கு வயது 27. லீகில் அவருடைய முதல் ஆட்டமே அந்த ஆண்டின் இறுதிப் போட்டி. 1952க்குப் பிறகு எவருக்கும் அப்படி வாய்த்ததில்லை. ரிச்மண்ட் 89 புள்ளியில் வென்றது. அடுத்த சில வாரங்களுக்கு ஊகவியலார் 27 வயதுக்காரர்களாகத் தேடித் தேடி முன்மொழிந்தார்கள். பிறகு தெளிந்துவிட்டார்கள்.

மேலாய்வுக்குரியவை

1986இல் முதல் டிராஃப்ட் நடந்தபோது முதல் பெயராக மார்ட்டின் லெஸ்லியை வாசித்தது பிரிஸ்பேன் பேர்ஸ், அதுவரை ஓர் ஆட்டம்கூட ஆடியிராத கிளப். அந்த வழியில் இப்போது டாஸ்மேனியா டெவில்ஸ் வருகிறது. 2028இல் லீகில் சேர இருக்கும் 19ஆவது கிளப். 2024இல் பெயரும் நிறமும் அறிவித்து, பத்து டாலர் கட்டினால் உறுப்பினர் என்றார்கள். 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கட்டினார்கள். அப்போது மைதானம் இல்லை, ஆட்டக்காரர் இல்லை, தோல்வி ஒன்றுகூட இல்லை. தோல்வியிலிருந்து புலமை பிறக்கிறது என்ற இவ்வாய்வின் கருதுகோள் இங்கே ஆட்டம் காண்கிறது. தோற்பதற்கு முன்பே இவர்களிடம் பட்டியல் தயார். 2027 டிராஃப்ட்டுக்கு வரவேண்டியவர்கள் 2009இல் பிறந்த பிள்ளைகள். அவர்களில் ஒருவனைப் பற்றி ஹோபார்ட் தகவலாளி ஒருவர் அரைமணி நேரம் பேசினார்: உயரமான பந்தை அருமையாகப் பிடிக்கிறானாம், உவமை காட்டப் பெயர்கூட முடிவாகிவிட்டதாம். பல்லுக்குப் போட்ட கம்பியை எப்போது கழற்றுவார்கள் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லையாம். அதையும் விசாரித்துவிட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.