ஏர் கிளீனரைத் தொறந்து பார்த்தீங்ளா மாப்ளே?

வாங்க மாப்ளே, இப்பிடி நெழல்ல உக்காருங்க. வர்றேன்னு நீங்க போன் பண்ணியே சொல்ல வேண்டியதில்லீங்க. ரோட்டு முக்குல உங்க லாரி திரும்பறப்பவே, புகையைப் பார்த்துட்டு உங்க அத்தை கொடியில கெடந்த துணி முச்சூடும் அள்ளிட்டு உள்ள ஓடிட்டா. மருமகனுக்கு இப்பிடி ஒரு மருவாதி வேற எந்த ஊர்லீங்க கெடைக்கும்?

திம்பம் மலைப்பாதையில வண்டி இழுக்க மாட்டேங்குது, 27 வளைவுலயும் பின்னால வர்றவன் ஆரன் அடிச்சே மானத்தை வாங்கறான், அதனால இஞ்சினுக்குக் காத்தைக் கூட்டப் போறேங்கறீங்க. ரோசனை நல்ல ரோசனைதான். ஆனா மாப்ளே, இப்ப வர்ற காத்து எங்க நிக்குதுன்னு பார்த்தீங்ளா?

ஒரு கணக்குச் சொல்றேன், கேளுங்க. ஒரு லிட்டர் டீசல் எரியறதுக்கு ஏறக்கொறைய 12 கிலோ காத்து வேணும். அளந்தா பத்தாயிரம் லிட்டரு. புகையில்லாம எரியோணும்னா அதுக்கும் மேல. டீசலுக்குத்தான் பங்க்குல காசு வாங்கறாங்க. அந்தப் பத்தாயிரம் லிட்டர் காத்துக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் பில்லுப் போடல. ஓசியில வர்றதை உள்ள விடாம அடைச்சு வெச்சுட்டு, காசு குடுத்து வாங்குனதைக் கருப்பா மானத்துல விடறீங்க. இந்தச் சாமர்த்தியம் நம்ம வமிசத்துல வேற ஒருத்தருக்கும் இல்லீங்க.

உங்க வண்டியில இருக்கறது டர்போ இல்லாத பழைய 697. ஆறு சிலிண்டர், 97 மில்லி போர், அதான் அந்த நம்பரு. ஸ்ட்ரோக் 128, பெருக்கிப் பார்த்தா 5,675 சிசி. 1954-ல டாட்டா பென்ஸ்காரங்களோட கூட்டுச் சேர்ந்ததுல இருந்து வந்த வமிசம் அது. லேசுல சாகாது. நீங்களும் உங்களால ஆனதையெல்லாம் பண்ணிப் பார்த்துட்டீங்க, இன்னும் ஓடுதே! 2400 சுத்துல மேடேறறப்ப அது நிமிசத்துக்கு 6,800 லிட்டர் காத்து கேக்கும். நம்ம மொட்டை மாடியில இருக்குதே ஆயிரம் லிட்டர் டேங்க்கு, அதுல ஏழு டேங்க்குக்குக் கொஞ்சம் கம்மி. அவ்வளவும் உங்க ஏர் கிளீனர் வழியாத்தான் போயாகோணும். அதைக் கடைசியா எப்பத் தொறந்தீங்க? யாரு, கிளீனர்ப் பையன் தொறந்தானா? எந்தப் பையன்? போன நோம்பிக்கே ஊருக்குப் போனானே, அவனா?

கிரஷர் லோடு அடிக்கற வண்டிங்க அது. ஏர் கிளீனர் அடியில எவ்வளவு எம்-சாண்டு இருக்குதுன்னு பார்த்தா, ஒரு குளியலறைக்குப் பூசி முடிச்சறலாம். இந்த லட்சணத்துல காயலாங்கடையில பழைய டர்போ ஒண்ணை வாங்கிச் சாக்குல கட்டிக் கொண்டாந்து எறக்கறீங்க. மூக்கடைச்சவனுக்கு நாதஸ்வரம் வாங்கிக் குடுத்த கதையால்ல இருக்குது!

கோவிச்சுக்காதீங்க. காசில்லாத வைத்தியம் ஒண்ணு சொல்றேன். கொத்தனார் மட்டம் பாக்கற தண்ணி டியூப் இருக்குதுல்ல, அதுல ஆறு முழம் வாங்கிக்கங்க. வளைச்சு ஒரு பலகையில கட்டி, பாதி வரைக்கும் தண்ணி ஊத்துங்க. ஒரு முனையைத் தொறந்து விட்டுட்டு, இன்னொரு முனையை ஏர் கிளீனருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல குழாயில ஒரு ஓட்டை போட்டுச் சொருகுங்க. வேலை முடிஞ்சதும் அந்த ஓட்டையை மறக்காம அடைச்சறோணும், அதையும் நானே சொல்லோணும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதிச்சுப் பாருங்க. இந்தப் பக்கத் தண்ணிக்கும் அந்தப் பக்கத் தண்ணிக்கும் 20, 25 அங்குலம் வித்தியாசம் வந்துச்சுன்னா ஃபில்டர் செத்துப் போச்சுன்னு அர்த்தம். மெக்கானிக் பொய் சொல்லலாம், ஓனரு நீங்களும் சொல்லலாம், தண்ணி சொல்லாதுங்க.

அப்பறம் அந்த ரப்பர் ஹோஸைப் பாருங்க. வண்டி ஐடில்ல நிக்கறப்ப மாப்பிள்ளை முறுக்கா வெரைப்பாத்தான் இருக்கும். ஒருத்தரை ஏத்தி மிதிக்கச் சொல்லிட்டுக் கிட்ட நின்னு பாருங்க; ஆயில்ல ஊறுன பழைய ஹோஸா இருந்தா வேகம் ஏற ஏற நடுவுல சப்பையா ஒட்டிக்கும். காலை எடுத்ததும் பழையபடி உப்பிக்கும். பானெட்டை மூடிட்டு ஓட்டறவனுக்கு இது சென்மத்துக்கும் தெரியாது.

காயலாங்கடைக்குப் போகவே வேண்டாம்னு சொல்லலீங்க. போங்க, ஆனா எதை வாங்கறதுன்னு தெரிஞ்சு போங்க. அசையாத சாமானைப் பழசா வாங்கலாம், அசையற சாமானை ரோசிச்சு வாங்கோணும், ரப்பரும் காகிதமும் காஸ்கெட்டும் புதுசுதான். அசையாததுன்னா, பெரிய வண்டியில இருந்து எடுத்த ஏர் கிளீனர் டப்பா. கேபினுக்குப் பின்னால ஒசரமா நிக்குமே, அந்தக் காத்துக் குழாயோட சேர்த்து வாங்குங்க. இஞ்சின் சூட்டுக்குள்ள 60 டிகிரியில கொதிக்கற காத்தை இழுக்கறதுக்குப் பதிலா, வெளிக்காத்தை 35-ல இழுத்தா அதே டப்பாவுல நூத்துக்கு எட்டுப் பங்கு காத்துக் கூடுதலா வரும். எட்டுப் பங்கு, மாப்ளே! ஒரு ஓட்டைக் குழாய்க்கு. அதுல நசுங்கல் இருக்கக்கூடாது, உள்ள துரு உதிரக்கூடாது. டப்பாவுக்கு அப்பறம் இருக்கற கிளிப் ஒண்ணு லூசா இருந்தாலும் தூசி நேரா லைனருக்குப் போயிரும், அப்பறம் இஞ்சின் உங்களை ரோட்டுக்குக் கொண்டாந்துரும்.

சரி, சாக்கை அவுருங்க, டர்போவையும் பாத்தறலாம். முகத்தைத் தொங்கப் போடாதீங்க.

இங்க விரலை வெச்சுப் பாருங்க. ஷாஃப்ட்டை மேலயும் கீழயும் ஆட்டுனா கொஞ்சூண்டு ஆடும். ஆடலாம், அது ஆயில் மேல மெதக்கற ஷாஃப்ட்டுங்க, ஆயில் வந்தா சரியாயிரும். ஆனா விசிறி சுவத்துல உரசக்கூடாது. இப்ப உள்ள வெளிய தள்ளி இழுத்துப் பாருங்க. அங்க ஆட்டம் தெரியவே கூடாது. தெரியுதா? இல்லையே. விசிறி இதழ் நுனியில நகத்தை ஓட்டிப் பாருங்க, ஒரு கல்லடி இல்லை. காத்துப் பக்கம் வாயில ஆயில் வழிசலும் இல்லை. சும்மா சொல்லப்படாது, நல்ல சரக்குத்தான் கெடைச்சிருக்குது உங்களுக்கு.

ஆனா இதை மாட்டறதுன்னா இது மட்டும் போதுங்ளா? முழு லோடுல நிமிசத்துக்கு ஒரு லட்சம் சுத்தைத் தொடற சாமான். அதுக்குத் தனியா ஆயில் லைன் வேணும். திரும்பற ஆயில் தடையில்லாம சம்ப்புக்கு எறங்கற மாதிரி சரிவாப் பெரிய குழாய் வேணும். டர்போவைத் தாங்கற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வேணும், அதுவும் கோணாம வெடிக்காம. டர்போவுக்குன்னே செஞ்ச இஞ்சின்கள்ல பிஸ்டனே வேற. நெறையத்துல பிஸ்டனுக்கு அடியில ஆயிலைப் பீச்சிக் குளுமை பண்ணவும் வழி வெச்சிருப்பாங்க. உங்களுதுல என்ன வெச்சிருக்குது? பம்ப்புல டீசலை ஏத்தி வெச்ச ஸ்குரூ ஒண்ணுதான். காத்தைத் தள்ளறோம்னு தைரியத்துல அதை இன்னுங் கொஞ்சம் ஏத்துவீங்க, பிஸ்டன் உச்சி உருகிப் போகும். அதுக்குத் திம்பம் வரைக்கும்கூடப் போக வேண்டாம், அடிவாரத்துப் பண்ணாரி கோயில்கிட்டயே கும்புட்டுட்டு எறங்கிக்கலாம்.

டர்போ செத்த வண்டியில இருந்து இன்டர்கூலர் மலிவாத் தர்றேம்பாங்க. வாங்கிறாதீங்க. ஒடைஞ்ச இதழோட துணுக்கு அதுக்குள்ளயே உக்காந்திருக்கும், நீங்க மிதிச்ச அன்னைக்குத்தான் வெளிய வரும். டர்போ சீல் போச்சுன்னா அதைவிட வேடிக்கை. இஞ்சின் டர்போ ஆயிலையே குடிச்சுட்டு ஓட ஆரம்பிச்சுரும். ஸ்டாப்பரை இழுத்தாலும் நிக்காது, தானா ஏறிக்கிட்டே போகும். அப்ப ஒரு பலகையை வெச்சுக் காத்து வாயை மூடோணும். கையை வெச்சுறாதீங்க, துணியையும் வெச்சுறாதீங்க. டர்போ மாட்டுன வண்டியை வந்ததும் படக்குன்னு அணைக்கவும் கூடாது, ரெண்டு நிமிசம் ஐடில்ல விட்டுத்தான் நிறுத்தோணும். நீங்க காபிக் கடையைக் கண்டா வண்டி நிக்கறதுக்கு முன்னால குதிக்கற ஆளு.

அப்பறம் எஃப்.சி.க்குப் போவீங்க. மோட்டார் வாகனச் சட்டத்துல 52-ன்னு ஒரு பிரிவு இருக்குதுங்க. கம்பெனி குடுத்து ஆர்.சி.யில ஏறுன விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுங்குது. இன்ஸ்பெக்டர் பானெட்டைத் தொறந்து இதென்னன்னு கேட்டா, மாமன் வெக்கச் சொன்னாருன்னு மட்டும் சொல்லிறாதீங்க.

அதனால முதல்ல ஃபில்டரு, ஹோஸு, ஒசரக் குழாய். அப்பறம் டேப்பட் பாருங்க, நாசிலைக் கழட்டி டெஸ்ட் பண்ணுங்க, சைலென்ஸர் கரி புடிச்சு அடைச்சிருக்குதான்னு பாருங்க. பம்ப் ஸ்குரூவைப் பம்ப்புக்காரன்கிட்டக் குடுத்துப் பழைய எடத்துல வெக்கச் சொல்லுங்க. இவ்வளவும் பண்ணிட்டுத் திம்பம் ஏறிப் பாருங்க. அதுக்கும் பத்தலைன்னா, இஞ்சினைப் பிரிக்கற காலம் வர்றப்ப டர்போவோடவே வர்ற ஒரு 697 டிசி இஞ்சினையே முழுசாப் பாத்துக்கலாம், ஆர்.சி.யிலயும் முறைப்படி ஏத்திக்கலாம்.

அதுவரைக்கும் இந்த டர்போவை வீட்டுல போட்டு வெச்சா தூசி அடையும், ஆயில் காயும், கொழந்தைங்க விசிறியில குச்சியை விட்டு வெளையாடும். உங்களுக்கு எதுக்கு அந்த வெசனம்? நானே எடுத்துக்கறேன். இரும்பு வெலை போட்டா உங்களுக்குக் கட்டுப்படியாகாது, மருமகனை ஏமாத்துன பாவம் நமக்கெதுக்கு? பாதி அலுமினியம்னு வெச்சுக் கூடவே போட்டுத் தர்றேன். உங்களுக்கு எதுக்கு மாமாங்கறீங்ளா? அது ஒண்ணுமில்லீங்க, நம்ம சின்னவன் வண்டி டிசி இஞ்சின், கொஞ்ச நாளா ஆயில் குடிக்குது. சாக்கை அங்கயே வெச்சுட்டுக் காபியைக் குடிங்க, ஆறிரும்.