கழுகடியில் ஒரு விருந்து

பிலடெல்பியாவின் சரித்திராபிமானிகள், திறந்திருந்த காலத்தில் தாம் எட்டிப் பாராத வானமேக்கர் பேரங்காடியை, அது பெயர்கள் பல மாறி 2025-ல் கதவடைத்த பின்னர் கண்ணீர் மல்க ஸ்தோத்திரம் செய்து, தலைக்கு இத்தனை டாலர் என்று விருந்து வைத்து நிதி திரட்டுவார்களாயின், அதனை நாம் மனமார ஆசீர்வதிக்கவே வேண்டும். 1904-ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் கண்காட்சியிலிருந்து வந்துசேர்ந்த ராட்சத ஆர்கனும் வெண்கலக் கழுகும், வாடிக்கையாளர் என்னும் இடையூறு நீங்கிய பிறகல்லவா சாவகாசமாகத் தரிசனம் தரும்! (ஜவுளிப் பொட்டலம் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது, பக்திக்குத்தான் நேரில் போக வேண்டியிருக்கிறது.) விருந்தின் சிகரமாகப் பழைய விலைச்சீட்டு ஒன்று ஏலத்துக்கு வரட்டும், பேரமே கூடாது, சரக்குக்கு ஒரே விலை என்று சீட்டு ஒட்டிக் கீர்த்தி பெற்ற ஜான் வானமேக்கரின் ஞாபகார்த்தமாக, அதிகம் கேட்பவருக்கே அது கிடைக்கும். பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்ற அவருடைய வாக்குறுதி மாத்திரம் அன்றிரவு செல்லாது.