தேதி போட மறந்த அழைப்பிதழ்

நம் ஊரில் குழந்தை பிறந்தால் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் குழந்தையை. இயேசுவின் பிறப்பை எழுதிய மத்தேயுவும் லூக்காவும் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை. வயல்வெளி மேய்ப்பர்கள், கிழக்கிலிருந்து வந்த ஞானிகள், வழிகாட்ட ஒரு நட்சத்திரம் என்று எல்லாம் எழுதினார்கள். நட்சத்திரம் வரை வந்தவர்கள் நாளை எழுதவில்லை. மாற்கும் யோவானும் பிள்ளைப்பேற்றுப் பக்கமே போகாமல், வளர்ந்த ஆளை நேரே யோர்தான் நதிக்கரைக்குக் கூட்டிவந்துவிட்டார்கள்.

அன்றைய கிறிஸ்தவர்களும் இதற்காக மெனக்கெடவில்லை. கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, ஊரில் உலவிய தேதிகளைக் குறித்துவைத்தார். சிலர் மே 20 என்றார்கள், சிலர் ஏப்ரல் 19 அல்லது 20 என்றார்கள். நாளை இவ்வளவு நோண்டுவதே அதிகப்பிரசங்கித்தனம் என்பது அவர் எண்ணம். அடுத்து வந்த இறையியலாளர் ஓரிஜனுக்குப் பிறந்தநாள் என்றாலே ஆகாது. அது பாவிகள் கொண்டாடுவது என்றார். மனிதர் மேல் தப்பில்லை. பைபிளில் பேர் சொல்லும்படி நடந்த பிறந்தநாள் விருந்துகள் இரண்டு. பார்வோன் விருந்தில் ரொட்டி சுடுகிறவனைத் தூக்கில் போட்டார்கள். ஏரோது விருந்தில் திருமுழுக்கு யோவானின் தலை தட்டில் வந்தது. அதற்குப் பிறகு யாருக்குக் கேக் இறங்கும்?

இதற்கிடையே ரோமில் டிசம்பர் என்றாலே திருவிழா. 17ஆம் தேதி சாட்டர்ன் கடவுள் பெயரால் தொடங்கும் சாட்டர்னேலியா, நாள்கணக்கில் நீளும். சூதாட்டத்துக்கு அனுமதி உண்டு. ஒருவருக்கொருவர் மெழுகுவத்தியும் களிமண் பொம்மையும் பரிசு கொடுப்பார்கள். அடிமை உட்கார்ந்து சாப்பிட, எஜமான் பரிமாறுவான். (விழா முடிந்ததும் அவரவர் பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும், அந்தப் புரட்சிக்குக் காலாவதி தேதி உண்டு.) ஊரே கூத்தடித்ததில் தத்துவஞானி செனகா புலம்பினார். இளைய பிளினி இன்னும் விவரமானவர்: லாரெண்டம் கடற்கரை மாளிகையில் தனக்கென்று ஒதுக்கமாக ஒரு பகுதி கட்டி, சாட்டர்னேலியா சத்தத்துக்குத் தப்பி அங்கே பதுங்கிக்கொள்வார்.

274இல் பேரரசர் ஆரேலியன், வெல்லமுடியாத சூரியனுக்கு ரோமில் கோயில் கட்டினார். 354ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு ரோமப் பஞ்சாங்கத் தொகுப்பில் டிசம்பர் 25க்கு நேரே 'வெல்லமுடியாதவரின் பிறந்தநாள்', 30 தேர்ப்பந்தயங்கள் என்று இருக்கிறது. அதே தொகுப்பின் வேறொரு பக்கத்தில், அதே நாளில் யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்றும் இருக்கிறது. ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு பார்ட்டிக்கு மண்டபம் பதிவு செய்த கதை. யார் முதலில் அட்வான்ஸ் கொடுத்தது என்று அறிஞர்கள் இன்னும் குடுமிப்பிடியில் இருக்கிறார்கள். சூரியனைக் கைகாட்டாதவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: இயேசு இறந்ததும் கருவானதும் மார்ச் 25, ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25. கிழக்கத்திய கிறிஸ்தவர்கள் அவர் இறந்த நாளை ஏப்ரல் 6 என்று வைத்ததால் அவர்களுக்கு ஜனவரி 6 வந்தது; ஆர்மீனியர்கள் இன்றும் அன்றுதான் கொண்டாடுகிறார்கள். பிரசவம் ஒரு நாள்கூட முன்பின் ஆகாத இந்த ஏற்பாட்டை எந்த மருத்துவச்சியும் நம்பமாட்டாள்.

விழா மாறினாலும் பழக்கம் விடுமா? ஐந்தாம் நூற்றாண்டில் போப் முதலாம் லியோ தலையில் அடித்துக்கொண்டார். மக்கள் புனித பேதுரு ஆலயப் படியேறுகிறார்கள், உள்ளே நுழையுமுன் திரும்பி நின்று உதயசூரியனுக்கு ஒரு கும்பிடு போடுகிறார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று!

இந்தக் கலப்படத்தை நிஜமாகவே ஒழிக்கக் கிளம்பியவர்கள் இங்கிலாந்துத் தூய்மைவாதிகள். வேதத்தில் இல்லாத விழா நமக்கெதற்கு என்று 1647 ஜூனில் நாடாளுமன்றமே கிறிஸ்துமஸை ரத்து செய்தது. அந்த டிசம்பர் 25இல் கேண்டர்பரி மேயர், எல்லாரும் கடை திறக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். சில கடைக்காரர்கள் கேட்டார்கள். கூட்டம் அவர்கள் சரக்கைத் தெருவில் இறைத்தது, கால்பந்தைக் கொண்டுவந்து உதைத்தது, தடுக்க வந்த மேயரையும் கீழே தள்ளியது. கடல் கடந்த மாசசூசெட்ஸ் சகோதரர்கள் 1659இல் வேறு வழி பிடித்தார்கள். அன்று வேலைக்குப் போகாமலோ விருந்து சாப்பிட்டோ மாட்டிக்கொண்டால் ஐந்து ஷில்லிங் அபராதம். 1681இல் அதையும் எடுக்க வேண்டியதாயிற்று.